வந்தவங்கள எண்றீங்க, வராம போனவங்கள?

கேள்வி: ஒலிம்பிக், உலகக் கோப்பை மாதிரி போட்டிக்கு அரசாங்கம் காசு போட்டா டூரிசம் வளரும், போட்ட காசு திரும்பி வந்துடும். நீங்க மட்டும் எப்பப் பாத்தாலும் எதிர்த்தே பேசுறீங்களே, ஸ்போர்ட்ஸ்னாலே பிடிக்காதா?

பதில்: ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு மேட்ச் பாக்குற ஆளுங்க நான். ஸ்போர்ட்ஸ் மேல கோபம் இல்ல, நீங்க சொல்ற அந்தக் கணக்கு மேலதான்.

2012 ஆகஸ்ட்ட எடுத்துக்கங்க. லண்டன்ல ஒலிம்பிக் நடக்குது, ஊரே நெரிஞ்சு கெடக்கும்னுதானே நெனப்போம், ஆனா அந்த மாசம் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க முந்துன வருஷ ஆகஸ்ட்ட விட சுமார் 5 சதவீதம் கம்மி. கூட்டமா இருக்கும், ஹோட்டல் ரேட் எகிறிடும்னு பயந்து, வழக்கமா மியூசியம், நாடகம்னு வர்றவங்க வேற பக்கம் போய்ட்டாங்க. போதாததுக்கு மேயர் போரிஸ் ஜான்சனோட குரல ரெக்கார்ட் பண்ணி, கூட்டம் வரப்போகுது, முன்கூட்டியே பிளான் பண்ணிக்கங்கன்னு ரயில்வே ஸ்டேஷன்ல ஓட விட்டாங்க, உள்ளூர்க்காரனும் வீட்டுலயே இருந்துட்டான், டாக்ஸிக்காரங்க சவாரி இல்லன்னு பொலம்புனாங்க. வந்தவங்க தாராளமா செலவு பண்ணாங்க, அதை மறைக்கல. ஆனா போட்டிக்கு முன்னாடி போடுற எந்தத் திட்ட அறிக்கையிலயாவது இந்த வராம போனவன் கணக்கு இருக்கா, நீங்களே பாருங்க.

அப்புறம், ஸ்டேடியமும் பாதுகாப்பும் பெரும்பாலும் அரசாங்க செலவு, டிவி உரிமைப் பணத்துல பெரும்பங்கு போறது ஃபுட்பால் உலகக் கோப்பைய நடத்துற ஃபிஃபாவுக்கும் ஒலிம்பிக் கமிட்டிக்கும். பிரேசில் தலைநகர் பிரேசிலியாவுல 2014 ஃபுட்பால் உலகக் கோப்பைக்காக 70,000 பேர் ஒக்கார்ற மாதிரி ஒரு ஸ்டேடியம் கட்டுனாங்க, அந்த ஊர்ல அதை நெரப்புற அளவுக்குப் பெரிய கிளப்பே கெடையாது, மறு வருஷம் அதோட பார்க்கிங்ல டவுன் பஸ்ஸுங்கள வரிசையா நிறுத்தி வச்சிருந்தாங்க. பஸ் டிப்போ வேணும்னா டிப்போவே கட்டியிருக்கலாம்ல.

கனடாவுல மாண்ட்ரியல் மேயர் ஜான் திராப்போ 1976 ஒலிம்பிக்குக்கு முன்னாடி, ஆம்பள ஒருத்தன் புள்ள பெத்தாத்தான் ஒலிம்பிக்ல நஷ்டம் வரும்னு அடிச்சுப் பேசுனாரு. புள்ள பொறந்துச்சு. அதுக்குப் பால் வாங்கிக் குடுக்க ஊருக்கு 30 வருஷம் ஆச்சு, கடன் அடைஞ்சது 2006ல, அதுவும் சிகரெட்டுக்கு வரி போட்டு.

பார்சிலோனாவ மறந்துட்டீங்களான்னு அடுத்த லெட்டர் போடுவீங்க, தெரியும். 1992க்கு அவங்க போட்ட பணத்துல பெரும்பகுதி ரோட்டுக்கும் கடற்கரைக்கும் போச்சு, ஸ்டேடியம் கூட 1929ல கட்டுனத பழுது பாத்து எடுத்துக்கிட்டாங்க, அதனாலதான் போட்ட காசு வீணாப் போகல. டூரிஸ்ட்டும் வந்தாங்க. எவ்ளோ வந்தாங்கன்னா, 2024ல உள்ளூர் ஜனங்க தண்ணித் துப்பாக்கியத் தூக்கிட்டுப் போய் டூரிஸ்ட் மேல பீய்ச்சி அடிக்கிற அளவுக்கு!

கடைசியா விக்டோரியா. ஆஸ்திரேலியாவுல இருக்குற அந்த மாநிலம், 2026 காமன்வெல்த் போட்டிய தலைநகரத்த விட்டுட்டு ஜீலாங், பெண்டிகோ மாதிரி ஊர்கள்ல நடத்துறோம், அந்தப் பக்கம் டூரிசம் பிச்சுக்கிட்டுப் போகும்னு எடுத்துக்கிச்சு, அப்படியே நீங்க சொல்ற அதே கணக்குதான். 260 கோடி டாலர்னு ஆரம்பிச்சது 600 கோடியத் தாண்டும்னு தெரிஞ்சதும் 2023ல, ஆள விடுங்கன்னு 38 கோடி ஆஸ்திரேலிய டாலர நஷ்ட ஈடாக் குடுத்துட்டு, ஒரு பந்து கூட உருளாம வெளிய வந்துட்டாங்க.