கொழித்தல்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் திருகோணமலையைச் சேர்ந்தவள். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு ஒரு வருடமாக இங்கே உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஐரோப்பாவில் ஆய்வு செய்ய ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அணுவுலைக் கழிவிலிருந்து அமெரிசியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு உலோகத்தைப் பிரித்தெடுப்பது தலைப்பு. கழிவில் உள்ள நஞ்சை இல்லாமல் செய்யும் ஆராய்ச்சி என்று வீட்டில் விளங்கப்படுத்தினேன். பெரியம்மா, "இவ்வளவு படிச்சுப்போட்டு குப்பை பொறுக்கவோ போறாய்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மனம் சரியில்லை. அணுவுலையே இல்லாத நாட்டிலிருந்து போய் யாரோ ஒருவருடைய கழிவைக் கிளறத்தான் வேண்டுமா? போவதா, விடுவதா? இன்னும் இரண்டு கேள்விகள். புல்மோட்டை மணலில் கதிர்த்தொழிற்பாடு இருக்கிறதாமே, பயப்பட வேண்டுமா? ஜப்பானின் புகுஷிமா அணுவுலைத் தண்ணீரைக் கடலில் விடுகிறார்கள், நாங்கள் மீன் சாப்பிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் வந்த கிழமை நான் உப்புவெளி வீட்டில் அப்பாவின் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மரப்பெட்டியின் அடியில், பழைய பற்றுச்சீட்டுக் கட்டுகளுக்குக் கீழே, பெற்றோல்மாக்ஸ் மென்டில் மூன்று கிடந்தன. ஒன்றின் உறை கிழிந்திருந்தது. வெள்ளை வலைத்துணி, கைக்குழந்தையின் காலுறை அளவு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் போய்க் கைகழுவினேன். ஏன் கழுவினேன் என்று உமக்கு விளங்கும்.

விளங்காத மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்து மென்டிலைத் தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு உலோகத்தின் உப்பில் ஊறவைத்துச் செய்வார்கள். விளக்கில் கட்டி முதல் தடவை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும். மிஞ்சுவது தோரியம் ஒக்சைட்டாலான ஒரு சாம்பல் கூடு. அந்தக் கூடுதான் முற்றம் முழுக்க வெளிச்சம் போடும். எங்கள் வீட்டில் அதைக் கொளுத்துகிற உரிமை அப்பாவுக்கு மட்டும். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளி நிற்போம். கதிர்த்தொழிற்பாட்டுக்குப் பயந்து அல்ல. மூச்சுப் பட்டால் கூடு உதிர்ந்துவிடும், இன்னொன்று வாங்கக் காசில்லை. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. அப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது. அவர் வாங்கிவைத்த தோரியம் அப்படியே இருக்கிறது.

அந்த நினைப்போடு வந்து கணினியைத் திறந்தால் உம்முடைய வசனம்: "நஞ்சை இல்லாமல் செய்யும் ஆராய்ச்சி".

பிள்ளை, சிறப்புப் பட்டம் எடுத்த நீர் இப்படி எழுதலாமா? இரசாயனத்தால் ஒரேயொரு கதிர்த்தொழிற்பாட்டு அணுவைக்கூட இல்லாமல் செய்ய முடியாது. அமிலத்தில் கரைக்கலாம், எண்ணெயில் ஏற்றலாம், வீழ்படிவாக இறக்கலாம், கண்ணாடியாக உருக்கி உறையவைக்கலாம். அணுக்கருவுக்கு இதில் ஒன்றும் உறைக்காது. சீசியம்-137 எங்கே இருந்தாலும் 30 ஆண்டில்தான் பாதியாகும். உம்முடைய அமெரிசியம்-241க்கு 432 ஆண்டு. இல்லாமல் செய்வதானால் வேக அணுவுலைக்குள் போட்டு நியூத்திரனால் அடித்து உடைக்க வேண்டும். அது வேறு ஆட்களின் வேலை. உம்முடையது அதற்கு முந்திய வேலை, எது எது என்று பிரித்து வைப்பது. பெரியம்மா சொன்னதில் பாதி சரி. பொறுக்கத்தான் போகிறீர். அதை மறைக்கப் போய்த்தான் இல்லாத பெருமையை அந்த வசனத்துக்குள் ஏற்றியிருக்கிறீர்.

மீனைச் சாப்பிடும். புகுஷிமாத் தொட்டித் தண்ணீரில் இருந்த சீசியம், ஸ்ட்ரோன்சியம் போன்றவற்றைப் பெரும்பாலும் வடித்துவிட்டு, வடிக்க முடியாத திரிதியத்தோடு, கடல்நீரில் நன்றாக ஐதாக்கி, 2023 ஆகஸ்டிலிருந்து விடுகிறார்கள். திரிதியம் ஐதரசனின் ஒரு வகை, தண்ணீரோடு தண்ணீராகவே இருக்கிறது. தண்ணீரிலிருந்து தண்ணீரை வடிப்பது லேசான காரியமா? பாரை மீனின் விலைக்குப் பயந்தீர் என்றால் அதில் நியாயம் உண்டு.

புல்மோட்டையை அப்படிச் சும்மா கடந்துபோக மனமில்லை. அந்தக் கறுப்பு மணலில் இருப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன், கூடவே கொஞ்சம் மொனசைட். அந்த மொனசைட்டுக்குள்தான் தோரியம். கரையில் நடப்பதற்குப் பயம் வேண்டாம். மணலை மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைக்கிற ஆள் என்றால் வேறு கதை. சரி, அந்த மணலை அங்கே பிரித்து வைத்தது யார் என்று எப்போதாவது யோசித்தீரா? அலைதான். பாரமில்லாத வெள்ளை மணலைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகும், பாரமான கறுப்பு மணலைக் கரையில் விட்டுவிடும். ஒரு நாளைக்கு எத்தனை அலை, எத்தனை ஆயிரம் வருடம். அதற்குப் பிறகுதான் ஆலை, காந்தம் எல்லாம்.

இந்த வேலைக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. திருகோணமலைப் பிள்ளை ஒவ்வொன்றும் காலைக் கூட்டத்தில் அதைப் பாடியிருக்கிறது. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." சம்பந்தர் எங்கள் மலையைப் பாடியது. கொழிக்கும் என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். "செல்வம் கொழிக்குது எண்டு சொல்லுறேல்லையா, அதுதான்" என்றார் வாத்தியார். இரண்டு பேருக்கும் அவசரம், மணி அடித்துவிட்டது. கடல் முத்தை ஒதுக்கிக் கரையில் தள்ளுகிறது என்பதுதான் அங்கே பொருள் என்று பிறகு தெரிந்தது. அது தெரியவந்த இடம் புத்தகம் அல்ல.

1990இல் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். ஓடுகிற நேரத்தில் ஆட்கள் காணி உறுதியையும் நகையையும் எடுத்தார்கள். அம்மம்மா சுளகையும் அரிக்கன் சட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க நான் அவரை ஏசிக்கொண்டே வந்தேன். நிவாரண அரிசி வந்ததும் பத்துக் குடும்பம் அந்தச் சுளகுக்கு வரிசையில் நின்றது.

அம்மம்மா முதலில் புடைப்பார். உமி முன்விளிம்பால் பறக்கும். அப்புறம் சுளகைச் சற்றுச் சரித்து, மணிக்கட்டை மட்டும் பக்கவாட்டில் ஆட்டுவார். அரிசி ஒரு கரைக்குப் போகும், குறுணல் இன்னொரு கரைக்கு, கல்லெல்லாம் மூலையில் சேரும். யாரும் அதட்டாமல் ஒவ்வொன்றும் தன் தன் இடத்துக்குப் போவதைப் போலிருக்கும். "என்ன அம்மம்மா செய்யுறீங்க?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டது. "கொழிக்கிறன்" என்றார். எனக்கு இருபத்தைந்து வயது. ஓதம் நித்திலம் கொழிக்கிறதை அன்றைக்குத்தான் கண்டேன்.

உம்மோடு இன்னொரு சண்டை இருக்கிறது. உம்மோடு அல்ல, நம்முடைய பாடப்புத்தகங்களோடு. நீர் அகப்பட்டுக்கொண்டீர். எதற்கெடுத்தாலும் "பிரித்தெடுப்பு". கரைப்பானால் எடுத்தாலும் பிரித்தெடுப்பு, வடித்தாலும் பிரித்தெடுப்பு, காந்தத்தால் இழுத்தாலும் அதே. ஒரு குசினிக்குள் புடைக்கிறோம், கொழிக்கிறோம், தெள்ளுகிறோம், அரிக்கிறோம், இறுக்கிறோம், வடிக்கிறோம், சலிக்கிறோம். ஒன்று செய்கிறதை மற்றது செய்யாது. மாவைக் கொழிக்கிறேன் என்று சொன்னால் அம்மம்மா சுளகாலேயே அடிப்பார். ஆனால் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் எங்களுக்கு ஒரே ஒரு வினைச்சொல் போதும். பாவித்த அணுவுலை எரிபொருளைப் பிரிக்கிற பியூரெக்ஸ் முறையைப் பாரும். அந்த எரிபொருளை நைத்திரிக்கமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் 30 சதவீதம் திரைபியூற்றைல் பொஸ்பேற்று என்ற சேர்வையைக் கலந்து, இரண்டையும் குலுக்குகிறார்கள். யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்ப் பக்கம் ஏறும், மற்றவை தண்ணீர்ப் பக்கம் நிற்கும். இரண்டு கரை, ஒரு குலுக்கல். இது கொழித்தல் இல்லாமல் என்ன? புகுஷிமாவில் சியோலைற்று என்ற கனிமத்துக்கு ஊடாகத் தண்ணீரை விட்டுச் சீசியத்தைப் பிடித்தது கொழித்தல் அல்ல, அது வேறு சொல்லுக்கு உரியது. இதை எந்தப் பரீட்சைத் தாளிலும் எழுதாதேயும், புள்ளி போய்விடும். ஆனால் மனதுக்குள் சரியான வினைச்சொல்லால் நினைக்கிறவர், கைவேலையிலும் கொஞ்சம் குறைவாகத்தான் பிழைவிடுவார் என்பது என் பிடிவாதம்.

கொழித்தாலும் தப்பிவிடுகிற கல் ஒன்று உண்டு. அரிசி நிறம், அரிசி அளவு. அதற்குத்தான் அரிக்கன் சட்டி. உள்ளே வரிவரியாக இருக்கும். தண்ணீரோடு அலைத்து அலைத்து ஊற்றினால் அரிசி மிதந்து மறு சட்டிக்குப் போகும், கல் வரியில் மாட்டும். "நாலு கல்லுக்காக இந்தப் பாடா, விடுங்கோ" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அரிக்காத அரிசிச் சோற்றை வீம்புக்குத் தின்றேன். கடைவாய்ப் பல் ஒன்று பிளந்தது. அந்த இடம் இன்றைக்கும் வெறுமைதான்.

உம்முடைய அமெரிசியம் அந்தக் கல். பக்கத்தில் யூரோப்பியம் என்ற உலோகமும் அதன் இனத்தவரும் அரிசிபோல நிறைந்து கிடக்கிறார்கள். இரண்டுக்கும் மூன்று நேர் ஏற்றம், பருமனும் கிட்டத்தட்ட ஒன்று. ஒட்சிசனால் பிடிக்கிற மூலக்கூறு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். நைதரசனால் பிடிக்கிறவற்றில் சில மட்டும் அமெரிசியத்தைக் கொஞ்சம் கூடுதலாக விரும்பும். அந்தக் கொஞ்சம்தான் உம்முடைய சட்டியின் வரி. அதிலும் வில்லங்கம், கதிர்வீச்சு அந்த மூலக்கூறையே சிதைக்கும். அரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டி கரைகிற கதை. ஆய்வுகூடத்தில் செய்து காட்டிவிட்டார்கள், ஆலையளவில் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. புளூட்டோனியத்தோடு இதுவும் இதன் கூட்டாளிகளும் வெளியே வந்து அணுவுலைக்குள் உடைக்கப்பட்டால், மிச்சக் கழிவைக் காவல்காக்க வேண்டிய காலம் இலட்சக் கணக்கான ஆண்டிலிருந்து சில நூறு ஆண்டுக்கு இறங்கும். சில நூறு ஆண்டு மனிதக் கணக்கு. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து நானூறு வருடமாகிறது, நாங்கள் இன்னும் மறக்கவில்லையே.

யாரோ ஒருவருடைய கழிவு என்று எழுதியிருக்கிறீர். 1904இல் சப்ரகமுவவில் ஒரு பாரமான கறுப்புக் கல் அகப்பட்டது. அதை முதலில் ஆராய்ந்து எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. ஆமாம், நாங்கள் கலைக்காரர் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கும் அவர்தான். அப்போது அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குப் பணிப்பாளர். தோரியத்தால் நிறைந்த கல் என்பதால் தோரியனைற் என்று பெயர் வைத்தார்கள். அது லண்டனுக்குப் போனது. அங்கே ஆங்கிலம் படிக்க வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞரிடம், அந்தக் கல்லிலிருந்து எடுத்த பேரியம் உப்பைக் கொடுத்து, ரேடியத்தைப் பிரி என்றார் இரசாயனவியலாளர் வில்லியம் ராம்சே. ஹான் கரைத்து, பளிங்காக்கி, மறுபடி கரைத்து, 1905இல் ரேடியோதோரியம் என்ற புதிய ஒன்றைக் கண்டார். பேரியத்திலிருந்து ரேடியத்தைப் பிரிக்கும் கை அவருக்கு அங்கே பழகியது. 1938இல் பெர்லினில், நியூத்திரன் அடித்த யுரேனியத்தில் ரேடியம் இருக்கிறது என்று நம்பி, உடன் வேலைசெய்த ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து அதே வேலையைச் செய்தார். பிரியவே மாட்டேன் என்றது. எத்தனை தரம் செய்தாலும் பேரியத்தோடேயே நின்றது. ஏனென்றால் அது பேரியம்தான். யுரேனியம் பிளந்திருந்தது. பிளந்தது என்று விளங்கப்படுத்தியவர், அந்த வருடம் நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்த பௌதிகவியலாளர் லீசே மைட்னரும் அவருடைய சகோதரியின் மகனும். நோபல் ஹானுக்கு மட்டும் போனது, அது இன்னொரு நாளைக்கு ஏச வேண்டிய கதை.

அணுகுண்டு, அணுவுலை, உம்முடைய கழிவு, எல்லாம் அந்தப் பிரியாத பேரியத்துக்குப் பிறகு வந்தவை. அதைப் பிரித்துப் பழகிய கை இலங்கைக் கல்லில் பழகியது. இனியும் யாரோ ஒருவருடையது என்பீரா?

அப்புறம், நீரும் சிரித்தீர் என்று எழுதியிருந்தீர். அதைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். பெரியம்மா கேட்டது போகட்டும், நீர் ஏன் சிரித்தீர்? விடிய உங்கள் ஒழுங்கைக்கு வருகிற குப்பை வண்டிக்காரரின் பெயர் உமக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. போன கிழமை கேட்கப் போய், அவர் பயந்து, ஏதோ முறைப்பாடு என்று நினைத்துவிட்டார்.

அம்மம்மா கல்லை வெளியே கொட்டமாட்டார். பால்மா ரின் ஒன்றில் போட்டு மூடிவைப்பார். "கொட்டினா திரும்பி அரிசிக்குள்ளதான் வரும்" என்பார். நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது ரின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

போவதா விடுவதா என்று கேட்டிருந்தீர், இல்லையா. போய்வாரும். பெரியம்மாவுக்கு நான் எழுதியதைக் காட்ட வேண்டாம், அவருக்கு ஒரு சுளகு வாங்கிக் கொடும். விடுமுறைக்கு வரும்போது உப்புவெளிப் பக்கம் வாரும். விளக்கின் பம்பைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன். மூன்றில் ஒரு மென்டிலைக் கொளுத்திப் பார்ப்போம். முற்றத்தில் வைத்து, காற்று வருகிற பக்கமாக நின்று.

அன்புடன்.