செல்ஃப் அடித்தால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

தயவுசெய்து இப்போதே மாற்றிவிடாதீர்கள். ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் பட்டனை அமுக்கினால் சீட்டுக்கு அடியில் ஒரே ஒரு 'டக்'. உங்கள் வண்டியும் இப்படித்தான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடையது அப்பா ஓட்டிய வண்டி. மெக்கானிக் பார்த்த உடனே பேட்டரி போச்சு என்றார். புதிது போட்டேன், இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் அதே 'டக்'. அடுத்து ரிலேவை, அதாவது பட்டனை அமுக்கியதும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சை மாற்றினார். அதுவும் ஒரு வாரம்தான். கடைசியில், செல்ஃப் மோட்டாரே போய்விட்டது, உங்கப்பா வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். வாராவாரம் தன் கையால் துடைத்து வைத்த மனுஷனைப் பற்றி அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.7. செல்ஃப் அடித்தபோதும் 12.4-க்குக் கீழே இறங்கவில்லை. அங்கேதான் பொறி தட்டியது. செல்ஃப் மோட்டார் கரண்டை இழுத்தால் பேட்டரி பத்து, பதினொன்றுக்காவது சரிய வேண்டும். சரியவில்லை என்றால் கரண்ட் போகவே இல்லை. உடனே மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து பட்டனை அமுக்கினேன். அரை வோல்ட்கூட வரக்கூடாத இடத்தில் 9-க்கு மேல் காட்டியது. எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் எர்த் வயரில்தான் அடைப்பு என்று புரிந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எஞ்சினில் எர்த் வயர் பிடித்திருந்த போல்ட்டைத் திருகி எடுத்தேன். வெளியே பார்க்க வயர் நன்றாகத்தான் இருந்தது. அதன் முனையில் இருக்கும் லக் என்ற உலோக வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு, கம்பி இழைகளில் பாதி பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டு எஞ்சின் பக்கம் பளபளவென்று வரும்வரை தேய்த்து, புது வயர் போட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லா வண்டிக்கும் எர்த்தான் காரணமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் ஓடி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் 13.5 முதல் 14.5 வரை வராவிட்டால் சார்ஜிங் பக்கம், அதாவது கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர், அதைச் சீராக்கும் ரெகுலேட்டர், வயர்களை இணைக்கும் கப்ளர். 'டக்' கூட இல்லையென்றால் ஃபியூஸ், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். மெக்கானிக்குகள் எல்லோரையும் நான் குறை சொல்லவும் இல்லை. அளந்து பார்க்காமல் பொருளை மாற்றுவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு ஆதங்கம். பல வண்டிகளில் கிக்கரை எதற்காக எடுத்தார்கள்? என் வண்டியிலும் இல்லை. ஒரு கிக்கர் இருந்திருந்தால் அத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டாம். கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள எஃப்ஐ வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் பெரும்பாலும் வழியில்லை, பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் வேண்டுமே.

சரி, கையில் மீட்டர் இல்லையா? வண்டியை நியூட்ரலில் போட்டு, தடிமனான ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கடிக்க விடுங்கள். பாசிட்டிவ் பக்கம் போகவே வேண்டாம். இப்போது செல்ஃப் சுற்றினால் கோளாறு எர்த்தில்தான், உங்கள் பேட்டரி நல்ல பேட்டரி.