மூன்றாம் மாடியில் மயிலாப்பூர்

கேள்வி: எனக்கு 47 வயது. ஐடி வேலை, பெருங்குடியில் வாடகை வீடு. சின்ன வயதிலிருந்தே மயிலாப்பூரில் குடியிருக்க ஆசை. வடக்கு மாட வீதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வருகிறது. சீர்காழியில் அம்மா தனியாக இருக்கும் வீட்டை விற்றால் பாதிப் பணம் தேறும், மீதிக்குக் கடன். அம்மாவும் எங்களோடு வந்துவிடுவார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் அவர் அதிகம் வெளியே போகிறவர் இல்லை. இதே பணத்தில் ஓ.எம்.ஆரில் நீச்சல் குளத்தோடு பெரிய வீடே வாங்கலாம் என்கிறாள் மனைவி. பிள்ளைகள் பாரம்பரியத்தோடு வளரட்டும் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டுச் சண்டை இருக்கட்டும் தம்பி. லிஃப்ட் பற்றி எழுதினீர்களே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். 'அதிகம் வெளியே போகிறவர் இல்லை.' அப்படியானால் சீர்காழியில் தனியாக இருக்கும் அவருக்குப் பாலும் காய்கறியும் வாங்கி வருவது யார்? சட்டைநாதர் இருக்கிற ஊரில் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமலா இருக்கிறார்? போனில் என்றாவது கேட்டதுண்டா? இப்படி எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரியாது. அவருக்கு எது போதும் என்று மட்டும் தெரியும்.

சரி, மயிலாப்பூருக்கு வருவோம். நூறு வருஷத்துக்கு முன் அது பெரிய வக்கீல்களின் பேட்டை. லஸ் சர்ச் சாலையில் தோட்டமும் பங்களாவுமாக வாழ்ந்தார்கள். பணக்காரர்கள்தான், ஆனால் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார வங்கி திவாலாகி ஊரே பணத்தைப் பறிகொடுத்தபோது, வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. சமஸ்கிருதக் கல்லூரியும் அவர் தொடங்கியதுதான். அந்தப் பங்களாக்களில் பெரும்பாலானவை இன்று அடுக்குமாடிகள். வாசலில் கார் நிறுத்த இடமில்லாத சந்துகளிலும் கோடிக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

எதற்கு அந்த விலை? காலாற நடப்பதற்கு. காலையில் கபாலி கோயில். தெற்கு மாட வீதியில் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுத்து, பேரம் பேசி, அப்படியே இரண்டு பேரிடம் ஊர்க்கதை. நவராத்திரி வந்தால் வடக்கு மாட வீதியில் பிளாட்பாரம் முழுக்கக் கொலு பொம்மை. சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பூங்கா. மார்கழி விடியலில் மாட வீதி பஜனை. பாபநாசம் சிவன் பாடிக்கொண்டே சுற்றி வந்த வீதிகள் அவை. பங்குனியில் அறுபத்துமூவர். இதில் எது படியேறி மூன்றாம் மாடிக்கு வரும்? முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஃபிளாட் ஜன்னல் வைத்த பரண். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குத்தான் கீழே இறங்குவார். அதுவும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டால்.

உங்கள் சீர்காழிப் பிள்ளைதான் திருஞானசம்பந்தர். மயிலையில் பாம்பு தீண்டி இறந்துபோன பூம்பாவையைப் பதிகம் பாடி எழுப்பினார் என்பது தல வரலாறு. அந்தப் பதிகத்தில் வேறென்ன சொன்னார்? ஓணம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று இந்த ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலே போகிறாயா பெண்ணே என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். நீங்களோ உயிரோடு இருக்கும் அம்மாவைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து, அத்தனையையும் பார்க்கவிடாமல் செய்யப் பார்க்கிறீர்கள். இதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பாரம்பரியம் கற்றுக்கொள்ளப் போகிறார்களா?

பெற்றவளைக் கடைசிக் காலத்தில் கூட வைத்துக்கொள்வது பிள்ளையின் கடமை. இதில் நான் பழைய ஆள். மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனால் கூட வைத்துக்கொள்வது வேறு, அவர் குடியிருக்கும் வீட்டை விற்று அவரைப் படிக்கட்டுக்கு மேலே உட்கார வைப்பது வேறு. ஓ.எம்.ஆர் வீட்டில் லிஃப்டாவது இருக்கும் என்று உங்கள் மனைவி பக்கம் சாயலாம்தான். ஆனால் வெள்ளைப்பூண்டு வாங்கக்கூட கார் எடுக்க வேண்டிய இடத்தில் அவருக்கு என்ன பொழுது போகும்?

மயிலாப்பூர்தான் வேண்டுமென்றால் தரைத்தளம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் லிஃப்ட் உள்ள கட்டடம். மாட வீதியை ஒட்டித்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு மந்தைவெளி, அபிராமபுரம் பக்கமும் பாருங்கள். ஓர் அறை குறைந்தால் குறையட்டும். பிறகு லிஃப்ட் போட்டுக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள். பழைய கட்டடத்தில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் சம்மதித்துக் காசு போட வேண்டும், அதற்கு இடமும் இருக்க வேண்டும். நிலத்தில் உங்களுக்கு எவ்வளவு பங்கு வருகிறது என்பதையும் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வீட்டுப் பணம் போகிற பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சீர்காழியை விட்டு வர அவருக்குச் சம்மதமா என்று நேரில் போய்க் கேளுங்கள். அதைக் கேட்டதாகவே நீங்கள் எழுதவில்லை.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.