மன உளைச்சலும் மன அழுத்தமும் ஒன்றா?

'மன அழுத்தம்' என்பதற்குப் பதிலாக 'மன உளைச்சல்' என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ விண்ணப்பத்தில் எழுதத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாக எழுதுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

உளைச்சல் உடம்புக்கும் உள்ள சொல். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம், நடவுக்குப் போய்வந்த ராத்திரிகளில் அம்மா, "காலு உளையுதுட்டி, கொஞ்சம் மிதிச்சு விடு" என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கெண்டைக்காலில் ஏறி நிற்பேன். காயம் இருக்காது, வீக்கம் இருக்காது. பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. படுத்த பிறகுதான் உள்ளுக்குள் குடையும். வயிற்றுளைச்சல் என்பதிலும் இதே உளைச்சல்தான். அழுத்தம் மேலே ஏறிய பாரம். பரீட்சை முடிந்தால், கடன் அடைந்தால் இறங்கும். உளைச்சலில் இறக்கி வைக்க எதுவும் இல்லை.

2018-ல் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஏழு மாதம் கழித்து எனக்கு ஆரம்பித்தது. பகலெல்லாம் வகுப்பெடுப்பேன், படுத்தால் குடையும். 'மன உளைச்சல் காரணமாக இரண்டு நாள் விடுப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளி அலுவலகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, "காய்ச்சல்னு போடுங்க டீச்சர், இதெல்லாம் ஃபைல்ல இருக்கக் கூடாது" என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. நுகர்வோர் வழக்குகளில் 'மன உளைச்சலுக்கு இழப்பீடு' என்று தீர்ப்பே வருகிறது. மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக வைக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஒரு விடுப்புக் கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லையா?

அதே சமயத்தில்தான் வாரிசுச் சான்றிதழுக்கும் ஐந்து தடவை அலைந்தேன். ரேஷன் கார்டில் அம்மா பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்ததாம். கைநாட்டு வைத்தவள் எந்த எழுத்தைச் சரிபார்த்திருப்பாள்? கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், தெரியும்.

'மனவுளைச்சல் என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும்' என்று யாராவது வருவீர்கள். நான் தமிழாசிரியை இல்லை, கணக்கு டீச்சர்; புழக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். நோயை வெறும் சொல்லாக்குகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

நானும் போனேன். என்ன செய்கிறது என்று கேட்டார். "உளையுது" என்றேன். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.