அழுத்தத்தை அளந்த பிறகு எண்ணெயைப் பேசலாம்: இதயநலக் கேள்வி பதில்

அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாரடைப்பு வருமுன் செய்ய வேண்டியவற்றைப் பற்றி மட்டுமே இங்கு பதில் சொல்கிறேன். இதயக் குழாய் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்தபின் எழும் ஐயங்களை, வைத்த மருத்துவரிடமே கேட்பதுதான் முறை.

கேள்வி: எனக்கு வயது 38. தொந்தரவு எதுவும் இல்லை. பரிசோதனைகளை எப்போது தொடங்கலாம்? (கும்பகோணம்)

இப்போதே தொடங்குங்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதில் வருவது தெரிந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு வகைகள், இடுப்புச் சுற்றளவு ஆகிய நான்கும் உங்களுக்குப் போதும். பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு தேவையில்லை. இடுப்பை அளக்கும்போது, தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டும் இடத்தில் நாடாவை வைத்து ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தந்தைக்கு 55 வயதுக்குள்ளோ தாய்க்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இரத்த அழுத்தம் ஒரே நாளில் 168, 150, 142 என்று மாறி மாறிக் காட்டுகிறது. எதை நம்புவது? (மன்னார்குடி)

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இதுதான். கருவியைக் குறை சொல்வதற்கு முன், அளந்த விதத்தைப் பாருங்கள். மாடிப்படி ஏறி வந்தவரை உடனே உட்காரவைத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இறுக்கமாகச் சுருட்டி, அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டையைக் கட்டி அளப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவரையே பத்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்தால் இருபது புள்ளிகள்கூடக் குறைவதுண்டு. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபியும் புகையும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் அமர்ந்தபின், முழங்கையை மேசைமேல் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்குமாறு வெறுந்தோலில் கட்டுங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகவே காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, ஏழு நாள் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தால், வீட்டில் 135/85-ஐத் தாண்டுவது உயர் இரத்த அழுத்தம். அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: எந்த எண்ணெய் இதயத்துக்கு நல்லது? (இதே கேள்வியை எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள்.)

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் செலவானால், தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கிராம் ஆகிறது. 20 முதல் 30 கிராம் போதும்.

மறுப்பு: நான் மரச்செக்கு வைத்திருக்கிறேன். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயில் கெட்ட கொழுப்பே கிடையாது. மருத்துவர்கள் கம்பெனி எண்ணெய்க்குப் பரிந்து பேசுகிறீர்கள். (காங்கேயம்)

எந்தக் கம்பெனிக்கும் நான் பரிந்து பேசவில்லை. செக்கில் ஆட்டும்போது மணமும் வைட்டமின் இ-யும் கூடுதலாகத் தங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைவுற்ற கொழுப்பு; மாடு சுற்றினாலும் மோட்டார் சுற்றினாலும் அந்த விகிதம் மாறாது. அது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவைக் கூட்டும். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ பதினைந்து பங்குதான். அதை ஆட்டி விற்றால் உங்களுக்கும் நட்டமில்லை.

அதே நண்பர்: எங்கள் தாத்தா தேங்காயெண்ணெய் சாப்பிட்டே 92 வயது வரை இருந்தார்.

தாத்தா அதை வாங்கிய அளவையும் நினைவுபடுத்திப் பாருங்கள். பல வீடுகளில் தீபாவளிக்குத்தான் வாணலி நிறைய எண்ணெய் காய்ந்தது. தவிர, 60 வயதில் மாரடைப்பில் போன தாத்தாக்களைப் பற்றி யாரும் எனக்கு எழுதுவதில்லை. இதன்பின் வந்த பதினொரு எண்ணெய்க் கேள்விகளையும் இத்துடன் முடித்துவிட்டேன். உப்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் வியப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அதற்குள் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அடங்க வேண்டும்.

கேள்வி: ஈசிஜி நார்மல் என்றார்கள். அடைப்பு இல்லை என்று கொள்ளலாமா? (திருச்சி)

கூடாது. ஓய்வாகப் படுத்திருக்கும் சில நொடிகளில் இதயம் காட்டுவதுதான் அந்தத் தாளில் இருக்கிறது. நடந்தால் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிறது என்றால், ஈசிஜி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: தடுப்புக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடலாமா? (மதுரை)

இதயநோய் இல்லாத பெரும்பாலோருக்கு அதன் பலனை இரத்தக்கசிவு ஆபத்து ஈடுகட்டிவிடுகிறது என்று 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. நீங்களாகப் போடாதீர்கள்.

கேள்வி: நெஞ்செரிச்சலுக்குச் சோடா குடித்தால் சரியாகிறது. வாயுதானே? (விழுப்புரம்)

ஏப்பம் வந்ததால் வாயு என்று முடிவு கட்டி, விடியும்வரை காத்திருந்தவர்களை இறந்த நிலையில் வாங்கியிருக்கிறேன். வியர்வையோடு நெஞ்சு அழுத்தினாலோ, வலி தாடைக்கோ இடக்கைக்கோ பரவினாலோ சோடாவைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுவது பொய்.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அம்மாவுக்கு அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இப்போது 120/80 என்று இருப்பதால் நிறுத்திவிட்டார். சரிதானே? (திருவாரூர்)

சரியில்லை. 120 என்பது மாத்திரையோடு சேர்ந்த அளவு. அம்மாவின் சொந்த அளவு அன்று. எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று எழுதவில்லையே? இன்றே மேலே சொன்ன முறைப்படி இருமுறை அளந்து, நாளைக் காலை அம்மாவை அந்தத் தாளோடும் மீதமுள்ள மாத்திரை அட்டையோடும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.