ஜப்பானியப் பட்டு எம்பிராய்டரி: கேட்டவையும் சொன்னவையும்

கியோட்டோவில் ஓர் ஆசானின் பட்டறையில் 6 வருடம் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

கவிதா: அக்கா, எனக்கு ஆரி தெரியும். இதைப் பழக எத்தனை நாள் ஆகும்?

சட்டத்தில் துணி கட்டி, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்துப் பழகியிருப்பீர்கள். அது பாதி உதவி. ஆனால் நாள் கணக்கு வேண்டாம். முதல் மூன்று வாரம் நான் பூவே போடவில்லை. துணியைக் கட்டினேன், அவிழ்த்தேன், நூல் முறுக்கினேன்.

முதலில் உங்கள் விரல்களைப் பாருங்கள். முறுக்காத பட்டில் ஒரு நூல் என்பது 12 மெல்லிய இழைகள் சேர்ந்தது. விரல் நுனியில் சின்னச் சொரசொரப்பு இருந்தாலும் இழை மாட்டிப் பிசிர் எழும்பிவிடும். இரவில் கைக்கு எண்ணெய் தடவுங்கள். காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

ராஜி: சாஷிக்கோ இதுதானே?

இல்லை. அது பருத்தி நூலில் போடும் ஓட்டுத் தையல்.

தினேஷ்: எங்கே கற்கலாம்? விசா?

விசாவைத் தூதரகத்தில் கேளுங்கள். கியோட்டோவின் கியோநூயி எம்பிராய்டரி 1976-லும், கனசாவா நகரத்தின் காகாநூயி எம்பிராய்டரி 1991-லும் ஜப்பான் அரசின் மரபுக் கைவினைப் பட்டியலில் சேர்ந்தவை. அந்தப் பெயர்களைச் சொல்லி விசாரித்தால் சரியான ஆட்களிடம் போய்ச் சேருவீர்கள். கிட் விற்பவர்களிடம் அல்ல.

ஹேமா (ஆரி வகுப்பு நடத்துகிறேன்): மெஷினில் முறுக்கிய நூலே கிடைக்கும்போது கையால் முறுக்குவது வீண் வேலை. வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

தெரியும் மேடம். ஒரே சாயத் தொட்டியில் நனைந்த வெள்ளை நூலை எடுங்கள். செர்ரிப் பூவின் இதழுக்கு முறுக்காமல் போட்டால் வெளிச்சம் தகடுபோல ஒரே வீச்சில் அடிக்கும். அதே நூலை இறுக்கி முறுக்கி மகரந்தக் காம்புக்குப் போட்டால் நிறம் மங்கி, கோடு எழும்பி நிற்கும். சாயம் மாறவில்லை, முறுக்குதான் மாறியது. எவ்வளவு முறுக்கு என்பதை அந்த இடத்தைப் பார்த்து அப்போதே முடிவு செய்வோம். கண்டில் வாங்கினால் அந்த முடிவை வேறு யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

முறுக்குவது இப்படி: நூலின் நடுவைச் சட்டத்து ஆணியில் மாட்டுங்கள். இரு பாதிகளையும் தனித்தனியே உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரே திசையில் உருட்டுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த் திசையில் உருட்டுங்கள். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கை வேர்த்திருந்தால் காரியம் கெட்டது. எண்ணெய் பிசுபிசுப்பும் கூடாது, அதனால்தான் கழுவச் சொன்னேன்.

ஹேமா: அழகுதான். அந்த நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பார்?

இந்தக் கேள்விக்குத் தலைவணங்குகிறேன். கிமோனோ உடுத்துபவர்கள் குறைய, பட்டறைகளும் குறைந்தன. என் ஆசானே ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் பழைய உடைகளைச் செப்பனிட்டுத்தான் சோறு தின்கிறார். புது ஆர்டர் வருடத்துக்கு ஒன்றிரண்டு. ஆனாலும் அவசர வேலைக்குக்கூட அவர் கண்டு நூலைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சரவணன்: ஹேமா மேடம் சொல்வதுதான் நியாயம்.

சரி, நியாயம்தான். நான் முறுக்கிக்கொண்டே ஒப்புக்கொள்கிறேன்.

வனிதா: வளையத்தில் போடலாமா?

கூடாது. துணியில் தடம் விழும். நீள்சதுரச் சட்டம்தான்.

மாலா: தங்க நூல் ஊசியில் கோக்கவே மாட்டேன் என்கிறது. சாஷிக்கோ ஊசி வாங்கட்டுமா?

மறுபடியும் சாஷிக்கோ! தங்க நூலை ஊசியில் கோப்பதே இல்லை. பொன் இலை ஒட்டிய தாளை மெல்லிசாக வெட்டி, உள்நூலைச் சுற்றிச் செய்தது அது. துணிக்குள் இழுத்தால் உரிந்துவிடும். கோமா என்ற மரக்கட்டைகளில் சுற்றி, இரண்டு இழையாகத் துணிமேல் கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் ஆங்காங்கே கட்டுங்கள். கட்டும் இடைவெளி சீராக வரவேண்டும். எனக்கு அதற்கே ஒரு மழைக்காலம் போனது.

கவிதா: அக்கா, எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெயா?

எதுவாவது. தடவுங்கள், அவ்வளவுதான்.