புளியில் துலக்கிய ஐந்து சதமும் கறுத்த ஐம்பது சதமும்

கேள்வி: அம்மம்மாவின் வெற்றிலை வட்டாவுக்குள் இரண்டு பழைய காசுகள் கிடைத்தன. ஒன்று 1870ஆம் ஆண்டின் விக்டோரியா செப்பு ஐந்து சதம். மற்றது 1921ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜோர்ஜ் வெள்ளி ஐம்பது சதம். செப்புக்காசைப் புளி போட்டுத் துலக்கினேன், பளபளவென்று வந்துவிட்டது. வெள்ளிக்காசு கறுத்தபடியே கிடக்கிறது. வாங்க வந்தவர் முதலாவதைப் 'புதுக்காசு மாதிரி' என்கிறார். இரண்டாவதற்கு வெள்ளியின் விலைதானாம். தரத்தை நானே கணிக்க முடியுமா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: முடியும். வந்தவர் சொன்னதைத் தலைகீழாக்கினாலே உண்மைக்குக் கிட்டவாகப் போய்விடலாம்.

நாணயத்தின் தரம் என்பது பளபளப்பு அல்ல. அச்சு கொடுத்த உருவத்தில் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கைமாறும் காசு முதலில் தேய்வது மேடான இடங்களில். ஆகவே ஆண்டையும் எழுத்தையும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்; அவை தாழ்வான இடங்கள், கடைசிவரை தாக்குப்பிடிக்கும். விக்டோரியாவில் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகளையும் கன்னத்தையும் பாருங்கள். ஜோர்ஜ் மன்னரில் மகுடத்துப் பட்டையின் கற்கள், புருவம், தோள் அங்கியின் வேலைப்பாடு. மறுபக்கத்தில் மரத்தின் நடுப்பகுதி.

பார்க்கும் விதமும் முக்கியம். டியூப்லைட் கீறல்களை மறைத்துவிடும். இரவில் ஒரேயொரு மேசை விளக்கின் கீழ், காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். ஐந்து அல்லது பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி போதும். புழங்காத காசில் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரைகள்போலச் சுழலும். துலக்கிய காசில் ஒளி சுழலாது. எங்கும் ஒரே மாதிரிப் பளிச்சென்று நிற்கும். உங்கள் ஐந்து சதத்தில் இதை இன்றிரவே பார்த்துவிடலாம்.

உருவம் மங்கியிருப்பதெல்லாம் தேய்மானமும் அல்ல. அச்சு சரியாக விழாத இடமும் தட்டையாகவே தெரியும், ஆனால் அங்கே உலோகத்தின் ஆதி மினுக்கம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கும். தேய்ந்த இடம் நிறம் மாறி வழுவழுப்பாக இருக்கும். கையால் அச்சடித்த யாழ்ப்பாண அரசர்களின், 'சேது' என்று எழுத்துப் பொறித்த காசுகளில் எழுத்தில் பாதி வெளியே போயிருப்பதைத் தேய்மானம் என்று விலை குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அச்சு விலகியது மட்டுமே.

உலகம் இன்று பயன்படுத்தும் 1 முதல் 70 வரையான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கப் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக வகுத்தார். அதில் உருவக் கோடும் எழுத்தும் மட்டும் மிஞ்சினால் 'குட்', 4 முதல் 6. கூந்தலின் பெரும் பிரிவுகள் தெரிந்து இழைகள் ஒட்டிப்போயிருந்தால் 'ஃபைன்', 12 முதல் 15. இழைகள் பெரும்பாலும் தெரிந்து மேடுகள் மட்டும் தட்டையானால் 'வெரி ஃபைன்', 20 முதல் 35. எல்லாம் கூர்மையாக இருந்து உச்சிகளில் மட்டும் இலேசான தேய்வு என்றால் 'எக்ஸ்ட்ரா ஃபைன்', 40 அல்லது 45. 50க்கு மேல் மினுக்கமும் கணக்கில் வரும். 60க்கு மேல் தேய்மானமே கூடாது. வீட்டில் இருந்துகொண்டு 40க்கும் 45க்கும் சண்டை பிடிப்பது வீண். எந்தப் படி என்று தெரிந்தால் போதும். ஐயமிருந்தால் கீழ்ப்படியை எழுதிவையுங்கள். சொந்தக் காசுக்கு எல்லோரும் ஒரு படி கூட்டித்தான் போடுவார்கள், நானும் விதிவிலக்கல்ல.

இனி புளி விவகாரம். குத்துவிளக்குக்கு நல்லது, காசுக்கு நஞ்சு. அமிலம் செம்பின் மேற்தோலை உரித்து இயல்பற்ற இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கும். தேய்த்த கை நுண்ணிய கீறல்களை விட்டுச் செல்லும். ஐந்து சதத்தின் கூந்தல் இழைகள் தெளிவாகவே இருந்தாலும் நேர்மையான விற்பனையாளர் 'வெரி ஃபைன் உருவம், துலக்கப்பட்டது' என்றுதான் எழுதுவார். தரச்சான்று நிறுவனங்களும் இத்தகைய காசுக்கு வழமையான எண் தருவதில்லை. போனது போனதுதான், மறுபடி கறுக்க வைக்க முயலவேண்டாம்.

ஐம்பது சதத்தின் கறுப்போ காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் படர்ந்ததால் வந்தது, குறையாகாது. அதன் கீழே மகுடக் கற்களைத் தனித்தனியே எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், எழுத்துகளின் இடுக்கில் மினுக்கமும் மிஞ்சியிருந்தால், 'எக்ஸ்ட்ரா ஃபைன்' பக்கம் போகலாம். அப்படிப்பட்டதை வெள்ளி எடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1921இல் அச்சடித்த இந்தக் காசில் வெள்ளி ஆயிரத்துக்கு 550 பங்குதான், எடைக் கணக்கில் அகப்படுவது மிகச் சொற்பம்.

கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள நம் கரையோரத்தில் செம்பில் பச்சைக் களிம்பு விரைவில் ஏறும். மென்மையான பிவிசி உறைகளும் பச்சைப் பிசினைக் கசியவிடும், அவற்றைத் தவிருங்கள். ஒவ்வொரு காசையும் தனித்தனி மைலார் (பொலியெஸ்டர்) உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். வட்டாவுக்குள் மட்டும் திரும்பப் போடவேண்டாம். அங்கே இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும்.